துணியில் படிந்த நீலம்

ஜூன் 4

என் அருமை மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உன் முகம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று இங்கிருந்தே தெரிகிறது. கிழித்துப் போடுவதானால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

போன் நம்பரை மாற்றிவிட்டாய். முகவரிக்காக உன் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தாள். குறையாகச் சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் தண்ணீரும் கொடுத்திருக்க மாட்டேன்.

இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அத்தைக்கு முழங்கால் வலி. மாடி ஏறுவதில்லை. ஆனால் கீழே உட்கார்ந்தபடியே மாடியில் யார் எந்த ஜன்னலைத் திறந்தார்கள் என்று சொல்லிவிடுகிறாள். எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்கிறார் டாக்டர். டீயில் ஏறவில்லையே என்கிறேன் நான்.

ஜனவரியில் பையைத் தூக்கிக்கொண்டு நீ கிளம்பியபோது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை உன் புருஷனோடு, என் மகனோடு. நான் உனக்கு என்ன செய்தேன்? நம் கம்பெனியில் புதிதாக யார் வந்தாலும் "இவங்கதான் எங்க விஞ்ஞானி" என்றுதானே உன்னைக் காட்டினேன்? மருமகள் என்று அதற்கப்புறம்தானே சொன்னேன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வெள்ளைப் பொடி எங்களோடு பேசமாட்டேன் என்கிறது. முப்பது வருஷமாக நாங்கள் தாமிர உப்பைப் போட்டுச் சரக்குக் காய்ச்சிய ரியாக்டரில், நீ வந்து தாமிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தப் பொடியைக் கொட்டினாய். "இனிமே இதுதான் வேலை செய்யும் மாமா" என்றாய். உப்பு ஜாடி தவறி விழுந்துவிட்டதோ என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் அது வேலை செய்தது. இதய மாத்திரைக்கான சரக்கு முன்பைவிடச் சுத்தமாக வந்தது, பின்பக்கச் சாக்கடையும் தெளிந்தது. அதெல்லாம் நீ இருந்தவரை. இப்போது ஒரே நாளில் முடிகிற வேலை நாள்கணக்கில் இழுக்கிறது. ரயில் வராத பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி ஆட்கள் ரியாக்டரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். போர்மேன் என்னிடம், "மேடம் ஏதோ ஒண்ணைச் சொல்லாமலே போயிட்டாங்க சார்" என்றான். அவனைத் திட்டினேன். திட்டிவிட்டு உட்கார்ந்து யோசிக்கவும் செய்தேன்.

ஆகவே, செயல்முறைக் குறிப்பில் இடம்பெறாத நுணுக்கங்கள் ஏதேனும் இருப்பின் அன்புடன் தெரிவிக்கவும். இதை உன் புருஷன் எழுதச் சொல்லவில்லை. அவனுக்கு நான் எழுதுவதே தெரியாது.

பாசமுள்ள,
மாமா


ஜூன் 11

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

அத்தைக்கு மாடி ஏற வேண்டிய வேலையே வைக்காதீர்கள். துணி காயப்போடுகிற கம்பியைக் கீழே மாற்றச் சொல்லி நான் இருந்தபோதே கேட்டேன்.

நேராகவே கேட்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது யார்? முக்கால்வாசி நீங்கள் பேசுகிற மாதிரியே இருக்கிறது. நடுவில் திடீரென்று "செயல்முறைக் குறிப்பில் இடம்பெறாத நுணுக்கங்கள் ஏதேனும் இருப்பின்" என்று ஒரு வரி. அப்படி ஒரு வாக்கியம் உங்கள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "அவனுக்குத் தெரியாது" என்று நீங்களாகவே சொல்வதும் எனக்கு நெருடுகிறது. நான் அதைக் கேட்கவே இல்லையே. அவர் சொல்லி எழுதியிருந்தால் அவரிடமே சொல்லுங்கள்: எனக்குத் தெரிந்தது எல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். கையோடு எதையும் கொண்டுவரவில்லை. போர்மேனிடமும் சொல்லுங்கள்.

அந்தப் பொடியில் மந்திரம் கிடையாது மாமா. புரோலின் என்று பெயர். நம் உடம்பிலேயே இருக்கிற சின்ன மூலக்கூறு. இரண்டு துண்டுகளைச் சேர்க்கவேண்டும் என்றால், ஒன்றைக் கையால் பிடித்து, எந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கவேண்டுமோ அப்படி நிறுத்தி, இன்னொன்றோடு கோத்துவிட்டு, தான் விலகிக்கொள்கிறது. அடுத்த ஜோடிக்குப் போகிறது. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் செய்த வேலைதான். தாமிரமும் சேர்த்துவைக்கும். ஆனால் அது அவசரக்காரன், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கவலைப்படாது. நம்முடைய சரக்கில் இடது கை வலது கை மாதிரி இரண்டு வடிவம் உண்டு என்று உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு கைதான் மருந்து. மற்றது இதயத்துக்கு எந்த உதவியும் செய்யாது, என்ன கெடுதல் செய்யும் என்று முழுசாகத் தெரியவும் தெரியாது. தாமிரம் போட்டால் இரண்டும் கலந்து வரும். வேலை முடிந்த பிறகு தாமிரம் கிளம்பியும் போகாது. கொஞ்சம் சரக்கில் தங்கும், மீதி சாக்கடைக்குப் போகும், சாக்கடையிலிருந்து பின் தெருக்காரர்களின் போர்வெல்லுக்குப் போகும்.

வேகம் குறைந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். டிசம்பரிலேயே குறைய ஆரம்பித்தது. காரணத்தைத் தேடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டேன். தேடி முடிப்பதற்குள் நான் வெளியே வரவேண்டியதாகிவிட்டது.

என்ன மாறியது என்று எழுதுங்கள். பொடி வாங்குகிற இடமா, கரைப்பானா, சூடா, கலக்குகிற விசிறியா? பொதுவாக எழுத வேண்டாம். விவரமாக எழுதுங்கள்.

மருமகள்


ஜூன் 24

அன்பான என் விஞ்ஞானிக்கு,

கடிதம் எழுதினால் விசாரணை நடத்துகிறாய். ஒரு வாக்கியம் நன்றாக எழுதிவிட்டேன் என்பதற்காக அதை நான் எழுதவில்லை என்று தீர்ப்பா? வயதாக வயதாக மனிதன் கொஞ்சம் நல்ல தமிழ் கற்றுக்கொள்ளக் கூடாதா?

சாக்கடையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துக் காட்டியதும் உன் அத்தை, "இவ இங்க இருந்தப்பவும் இதையேதான் சொன்னா, அங்க போயும் இதையேதான் சொல்றா, அப்ப உண்மையாத்தான் இருக்கும்" என்றாள். துணிக் கம்பியைக் கீழே மாற்றியாயிற்று.

நீ கேட்டவை: பொடி அதே இடம். சூடு அதே. விசிறி அதே. கரைப்பான் மட்டும் டிசம்பரிலிருந்து வேறு கம்பெனி. முன்பைவிட உசத்தி. ஒரு சொட்டு ஈரம் கிடையாது என்று பீப்பாய்க்குப் பீப்பாய் சீல் வைத்துத் தருகிறார்கள். நான்தான் பார்த்து மாற்றினேன். அதில் குற்றம் இருக்க வழியில்லை.

அதை விடு. இப்போது வேறு ஒன்று நடக்கிறது. உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

சரக்கு மறுபடி வேகமாக வருகிறது. காலையில் போட்டால் சாயங்காலம் முடிந்துவிடுகிறது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் சரக்கை வடிகட்டுகிற பில்டர் துணியைப் பார்த்தேன். நீலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சட்டைப் பையில் மை கொட்டிய மாதிரி நீலம். உன் பொடிக்கு நிறம் உண்டா?

தாமிரத்தைப் பற்றி அன்று நீ அவனிடம் சொன்னது சரிதானோ என்று தோன்றுகிறது. பெற்ற மகனைப் பற்றி இப்படி எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் ஸ்டோர் சாவி அவனிடம்தான் இருக்கிறது. பழைய மயில்துத்தம், அதுதான் அந்தத் தாமிர உப்பு, அந்த ஸ்டோரில்தான் மூட்டையாகக் கிடக்கிறது. என்னைக் கண்டால் பேச்சை மாற்றுகிறான்.

ஆகஸ்ட் முதல் வாரம் மருந்துக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். போன சரக்கில் தப்பான கை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று ஏற்கெனவே முணுமுணுப்பு. அவர்கள் வந்து நீலத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? அவன் செய்ததற்கு உன் பெயரல்லவா கெடும்? தாமிரம் இல்லாத முறை என்று உன் பெயரைப் போட்டல்லவா விற்கிறோம்? அதனால்தான் கேட்கிறேன். அந்த நிறத்தைக் கழுவி எடுக்க என்ன வழி? அவனிடம் நான் பிறகு பேசிக்கொள்கிறேன். முதலில் நிறம் போகட்டும்.

முடிந்தால் அந்த ஒரு நாளைக்கு வந்து உன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போ. யாரும் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

உன்னையே நம்பியிருக்கும்,
மாமா


ஜூலை 2

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படி வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஏன் கிளம்பினேன் என்று உங்களுக்கு முழுசாகச் சொன்னதில்லை. அன்றைக்குப் பில்டர் துணியை மாற்றுகிறவர் லீவு. நானே கழற்றினேன். உள்பக்கம் நீலம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கூடத்தில் நின்று அவரைக் கேட்டேன். "நீங்களா தாமிரம் போட்டீங்க?" அவர் கண்ணை என்னிடமிருந்து திருப்பினார். அப்புறம் "ஆமா" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஆர்டர் லேட்டாகுது" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. நான் அந்த முறையைக் கண்டுபிடிக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கம்பெனியில் தொலைத்தேன் என்று கூடவே இருந்து பார்த்த ஒருத்தர், மழை வருமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி "ஆமா" என்றார். அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவசரப்பட்டுவிட்டேனோ என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகத்தை வைத்துக் கல்யாணத்தை முறித்தவள் என்று அக்காவே ஒருமுறை சொல்லிவிட்டாள். இப்போது நீங்களே நீலத்தைப் பார்த்ததாக எழுதுகிறீர்கள். நான் சொன்னது சரியாகப் போயிற்று. ஆனால் சரியாகப் போனதற்காகச் சந்தோஷப்படுகிற மாதிரியும் இல்லை.

கேட்டதற்குப் பதில்: என் பொடிக்கு நிறமே கிடையாது. தாமிரம் அதைப் பிடித்துக்கொண்டால்தான் இப்படிக் கருநீலமாகும். ஆகவே அந்தத் துணி நீலமாக இருந்தால் அந்த ரியாக்டருக்குள் தாமிரம் போயிருக்கிறது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

நிறத்தை எடுக்கிற வழி எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நிறம் போனால் தாமிரம் சாக்கடைக்குப் போகும், தப்பான கை சரக்கிலேயே இருக்கும், வருகிறவர்கள் கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அந்தச் சரக்கை அனுப்பாதீர்கள். தனியாக ஒதுக்கி வையுங்கள்.

வேகம் குறைந்ததற்குக் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் உசத்திக் கரைப்பான்தான். புரோலினுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். பழைய கரைப்பானில் தானாகவே அது இருந்தது, அதனால் நாம் கவனிக்கவில்லை. புதியது எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கிறது. பிடித்த கையை விடவே அதற்கு நேரமாகிறது. நீங்கள் மாற்றியதை என்னிடம் சொல்லியிருந்தால் அன்றே பிடித்திருப்பேன். ஒரு சின்னக் குடுவையில் தாமிரம் இல்லாமல், கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓட்டிப் பாருங்கள். அவ்வளவுதான். தண்ணீர். பார்த்துவிட்டு உடனே எழுதுங்கள்.

இன்னொன்று. அவர் எப்போது, எப்படிப் போடுகிறார்? போர்மேனுக்குத் தெரியாமல் எப்படி முடிகிறது?

நாற்காலிக்கு நன்றி. வரமாட்டேன்.

மருமகள்


ஜூலை 14

கண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் கம்பெனிப் பக்கம் போகவில்லை. கூடத்தில் நடந்ததை நீ எழுதியிருந்ததுதான் காரணம். நீ பட்டது எனக்குத் தெரியாமல் இல்லை.

கேட்டாயே, சொல்கிறேன். காலையில் ஷிப்டு ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே அவன் போய்விடுகிறான். போர்மேன் வரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. மயில்துத்தத்தை ஒரு டம்ளர் அளவு எடுத்து, வெந்நீரில் கரைத்து, கட்டியில்லாமல் வடிகட்டி, சரக்கு பாதி சூடேறிய பிறகு மேல்மூடி வழியாக மெதுவாக விடவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நுரைத்துக்கொள்ளும். அப்படித்தான் செய்கிறான். அவனைத் திருத்த என்னால் முடியாது. நீயே பார்த்திருக்கிறாய், அவன் வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி.

இப்போது கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேள். கம்பெனியை நம்பி அறுபது குடும்பம் இருக்கிறது. நீ வரவேண்டாம். நிறத்தை எடுக்கவும் வேண்டாம். ஒரே ஒரு கடிதம் எழுதித் தா. "இந்த முறையில் சரக்கு வடிகட்டும் கட்டத்தில் நீல நிறம் தோன்றுவது இயல்பானது" என்று. கீழே உன் கையெழுத்து. நீலம் வருகிறது என்று நீயே சொல்கிறாய், அதையே எழுதுகிறாய். இதில் பொய் எங்கே இருக்கிறது? நீ சொன்னால் அந்தக் கம்பெனிக்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். நான் சொன்னால் கிழவன் உளறுகிறான் என்பார்கள்.

உன் வீடு இது. நீ என்றைக்கு வந்தாலும் கதவு திறந்திருக்கும். அவன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

என்றும் உன் நன்மையே நினைக்கும்,
மாமா

(அத்தை எழுதறேன்மா. தபால்ல போடச் சொல்லி உங்க மாமா குடுத்தாரு. ஒட்டறதுக்கு முன்னால ரெண்டு வரி. மேல இருக்கற கம்பெனி விஷயத்த நான் படிக்கல. நல்லா இருக்கியா? உன் புருஷன் இங்க இல்ல. நீ போன அந்த வாரமே அவனும் அப்பாகிட்ட ஏதோ பேசிட்டு, சாவியை மேஜை மேல வெச்சுட்டுக் கிளம்பிட்டான். பாலிடெக்னிக்ல பம்பு ரிப்பேர் சொல்லிக் குடுக்கறானாம். தனியா ரூம் எடுத்து அவனே சமைச்சுக்கறான். கம்பெனிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறதில்ல. இதெல்லாம் மாமா எழுதியிருப்பாரு, ஆனாலும் சொல்லணும்னு தோணுச்சு. அவனும் தனியாத்தான் இருக்கான்மா.)


ஜூலை 20

ஐயா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லவில்லை. நானே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தின் அடியில் அத்தை நாலு வரி எழுதியிருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது. அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். சொன்னீர்கள் என்று தெரிந்தால் நான் அங்கே வருவேன், நாற்காலியில் உட்காருவதற்கு அல்ல.

ஜனவரியிலிருந்து உங்கள் மகன் அந்தக் கம்பெனிக்குள் கால் வைக்கவில்லை. காலையில் ஷிப்டுக்கு முன்னால் போய் மயில்துத்தத்தை வெந்நீரில் கரைத்து மேல்மூடி வழியாக விடுகிறவர் யார்?

அத்தை எழுதாமல் இருந்திருந்தாலும் நான் கண்டுபிடித்திருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. நிஜம் அப்படி இல்லை. எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது, நான் பார்க்கவில்லை. மொத்தமாகக் கொட்டினால் நுரைத்துக்கொள்ளும் என்று எழுதினீர்கள். தள்ளி நின்று பார்த்தவருக்கு அது தெரியாது. ஒரு தடவையாவது நுரைத்து வழிந்து கையைச் சுட்டவருக்குத்தான் தெரியும். தண்ணீர் விட்டுப் பாருங்கள் என்று அவ்வளவு கெஞ்சி எழுதினேன். அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. சரக்கு சரியாக வரவேண்டும் என்று நினைக்கிற எந்த முதலாளியும் அன்றைக்கே ஒரு டம்ளர் தண்ணீரை விட்டுப் பார்த்திருப்பார். உங்களுக்கு வேண்டியது வழி இல்லை, என் கையெழுத்து. முதல் கடிதத்தில் இருந்த அந்த நல்ல தமிழும் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் உங்களிடம் எழுத்தில் கேட்ட கேள்வியாகத்தான் அது இருக்கவேண்டும். அப்படியே எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் மகன் சொல்லித்தான் எழுதினீர்கள் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் அவர் மேலேயே சந்தேகப்பட்டுப் பழகிவிட்டேன். நீங்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டீர்கள்.

கூடத்தில் நடந்ததை இத்தனை நாளும் தப்பாகவே நினைத்துப் பார்த்திருக்கிறேன். "நீங்களா?" என்று நான் கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. குற்றம் செய்தவன் கண்ணைத் திருப்புகிறான் என்று நினைத்தேன். அவர் மாடிப்படியைப் பார்த்தார். படியில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். கையில் செய்தித்தாளோடு. நானும் உங்களைப் பார்த்தேன், என் பக்கம் ஒருத்தராவது நிற்கிறாரே என்று கூட நினைத்தேன். அவர் "ஆமா" என்றதும் நீங்கள் படியேறி உங்கள் அறைக்குப் போய்விட்டீர்கள்.

"நான் உனக்கு என்ன செய்தேன்?" என்று கேட்டு எழுதினீர்களே. இதைத்தான் செய்தீர்கள்.

வருகிறவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். தாமிரம் போட்டது யார், எந்தெந்தச் சரக்கில், எல்லாம். ஏற்கெனவே அனுப்பிய சரக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை யாரோ ஒரு நோயாளி விழுங்கப்போகிறார். நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன். அவர்களுக்கு எழுதவேண்டியதை எழுதி முடித்துவிட்டேன், என் மேஜை மேல் இருக்கிறது. மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி.

என் கையெழுத்து இந்தக் கடிதத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

மருமகள்


ஆகஸ்ட் 9

மருமகளுக்கு,

சொல்லிவிட்டேன்.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் உன் வயதுதான் இருப்பாள். ரியாக்டர் பக்கம் போகவிடாமல் டீ கொடுத்து, நாற்காலி போட்டு, பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் டீயைக் குடிக்கவில்லை. "பில்டர் துணியைப் பார்க்கலாமா சார்?" என்றாள். அந்த நிமிஷம் வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. போர்மேன் என் முகத்தைப் பார்த்தான். அவன் பெயரைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துபோய்ப் பார்த்தான். அதைப் பார்த்ததும் எனக்கே என் மேல் அருவருப்பாகிவிட்டது. "துணி நீலமா இருக்கும்மா. தாமிரம் போட்டிருக்கேன். நான்தான் போட்டேன்" என்றேன். அவள் எழுத ஆரம்பித்தாள்.

டிசம்பருக்குப் பிறகு போன சரக்கு எல்லாம் திரும்பி வருகிறது. நல்ல வேளை, பெரும்பாலானது இன்னும் மாத்திரையாகவில்லையாம். ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரத்து செய்யவில்லை. உன் தண்ணீர் விஷயத்தைப் போர்மேனை விட்டு அவர்கள் முன்னாலேயே செய்யச் சொன்னேன். சொன்னால் நம்பமாட்டாய், நம்பவேண்டிய அவசியமும் இல்லை: மறுநாள் காலையில் முடிந்திருந்தது. துணி வெள்ளையாக இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர். அதற்கா இத்தனை என்று நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். டிசம்பரில் சரக்கு தாமதமானபோது பயந்துவிட்டேன். உன் பொடி மேல் எனக்கு உள்ளுக்குள் நம்பிக்கையே வந்ததில்லை, வந்த மாதிரி காட்டிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை என்று போட்டேன், பிறகு அவசரம் வந்தபோதெல்லாம் போட்டேன். கூடத்தில் நீ கேட்டபோது நான் படியில்தான் நின்றேன். இறங்கி வந்திருக்கலாம். உன் கண்ணில் நான் தாழ்ந்து போவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவன் தாழ்ந்து போனால் புருஷன் பெண்டாட்டிக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவன் ஏன் ஏற்றுக்கொண்டான் என்று நான் அவனைக் கேட்டதே இல்லை. அந்த வாரம் அவன் வந்து, "நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கப்பா" என்றான். சொல்கிறேன் என்றேன். ரெண்டு மூணு நாள் பார்த்தான். சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நேற்று அவனுக்குப் போன் செய்து, வந்தவர்களிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன். "சரிப்பா" என்றான். வைத்துவிட்டான்.

உன் அத்தைக்கும் தெரிந்துவிட்டது. என்னிடம் பேசுவதில்லை. மாடிக்கு வேறு ஏற ஆரம்பித்துவிட்டாள், நான் கீழே இருக்கிறேன் என்பதற்காக.

அவனுக்கு உன் முகவரியைக் கொடுக்கட்டுமா? நீ சொன்னால்தான் கொடுப்பேன்.

மாமா


ஆகஸ்ட் 23

மாமாவுக்கு,

முகவரி கொடுக்கவேண்டாம். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் எழுதியதை உடனே நம்பவில்லை. மருந்துக் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். டீ குடிக்காத அந்தப் பெண்தான் எடுத்தார். நீங்கள் சொன்னது சரி என்றார். நீங்கள் சொல்லி முடித்தபோது உங்கள் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது என்றும் சொன்னார். அதை நீங்கள் எழுதவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், அதற்கு என் மரியாதை உண்டு. என் மேஜை மேல் இருந்ததை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். கிழிக்கவில்லை.

பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் பின்பக்கம் இருக்கிறது. ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு, பையன்களுக்கு வாஷர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பையன்களை அனுப்பிவிட்டு, "உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

"ஏன் ஆமான்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் கை துடைத்த துணியை மடித்து வைத்தார். அப்புறம், "அப்பா அங்க நின்னாரு" என்றார்.

"நானும் அங்கதானே நின்னேன்?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் போகும்போது எனக்குக் கோபம் உங்கள் மேல் மட்டும்தான் இருந்தது. அங்கே நின்றபோதுதான் அது ரெண்டாகப் பிரிந்தது. நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். அவர் அப்பாவின் மானத்தையும் என் மனசையும் எதிரெதிரே வைத்து எடை பார்த்து, என்னைப் போகவிட்டார். எது பெரியது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவருடைய அறைக்கும் போனேன். ஒரு அடுப்பு, ஒரு பாய், கொடியில் ரெண்டு சட்டை. "சாப்பிடறேன், நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. அத்தையிடம் சொல்லுங்கள். அத்தை பேசமாட்டார் என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மாடிக்கு அனுப்புங்கள்.

பஸ் வரை கூடவே வந்தார். "நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். நான் பஸ்ஸில் ஏறினேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கமாக வந்து, "அப்பா போட்டாருன்னு எனக்கு அன்னிக்குக் காலையிலேயே தெரியும். நான் ஸ்டோர்ல பாத்தேன்" என்றார். யாரும் கேட்காமல் அவர் எனக்குச் சொன்ன முதல் விஷயம் அது. உண்மைதானா, இல்லை இதிலும் யாரையாவது காப்பாற்றுகிறாரா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். இப்படி யோசிக்கிற பழக்கம் என்னை விட்டு எப்போது போகும் என்று தெரியவில்லை.

ரியாக்டரைப் பற்றி ஏதாவது கேட்கவேண்டும் என்றால் போர்மேனை எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் அனுப்புவேன். பின் தெருக்காரர்களின் போர்வெல் தண்ணீரைச் சோதிக்க ஒரு பாட்டிலில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இங்கே லேபில் பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் எனக்கு எழுதவேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை படிக்கிறேன். அது உங்களுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை.

அவரைப் பார்க்க இன்னொரு முறை போவேன். எப்போது என்று முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை.

உங்கள் மகனின் மனைவி